தவிட்டில் இருந்த உயிர்

திருக்குறளில் 'மருந்து' என்று பெயரிடப்பட்ட அதிகாரம் ஒன்று உண்டு. மூலிகைகளின் பெயரைத் தேடி அதனைப் புரட்டுவோர் ஏமாற்றமடைவர். உண்டது செரித்த பின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடலுக்கு ஒவ்வாததை விலக்குதல் ஆகியவற்றையே அதன் பெரும்பகுதி பேசுகின்றது. நோய் வந்தபின் நாடும் மருந்தைவிட, வருமுன் காக்கும் உணவே முதன்மையானது என்பது நம் முன்னோர் கண்ட தெளிவு.

இத்தெளிவைப் புதிய உலகம் எளிதில் பெற்றுவிடவில்லை. நூறாண்டுகளுக்கு முன், ஆயிரமாயிரம் உயிர்களைப் பலி கொடுத்த பின்னரே அதனை மீண்டும் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றின் நடுவே நிற்பது நாம் நாள்தோறும் உலையில் இடும் அரிசி. ஏழைத் தமிழ்த் தொழிலாளர்களின் சோற்றுப் பானைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதனை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகின்றோம்.

வெண்மைக்குக் கொடுத்த விலை

நெல்மணியின் அமைப்பு எளியது. வெளியே உமி, அதனுள் பழுப்பு நிறத் தவிட்டுப் படலம், ஓர் ஓரத்தில் முளை, நடுவே மாவுப்பொருள் நிறைந்த வெள்ளைப் பகுதி. உரலும் உலக்கையும் ஆண்ட காலத்தில் உமி நீங்கியது. தவிடு ஓரளவே போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூன், பாங்காக், சைகோன் முதலிய துறைமுகங்களில் நீராவி ஆலைகள் எழுந்தன. அவை தவிட்டையும் முளையையும் களைந்து, அரிசியை முத்துப்போல் தீட்டித் தந்தன. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவில் கெட்டு வாடை வீசும். எனவே தவிடு நீக்கிய அரிசியே கிடங்கிலும் கப்பலிலும் நெடுநாள் தாங்கியது. வணிகர்க்கு அது வசதி. உண்பவர்க்கோ வெண்மை ஒரு பெருமை.

அப்பெருமையோடு பெரிபெரி என்னும் நோயும் பரவியது. கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். ஜப்பானில் வெள்ளைச் சோறு நெடுங்காலம் நகரத்தாரின் உணவாக இருந்தது. எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, வந்து தங்கியவர்களைப் பற்றிய இந்நோயை மக்கள் 'எடோ நோய்' என்றே அழைத்தனர். சொந்த ஊர் திரும்பிப் பழைய உணவை உண்டால் அது நீங்கியது. ஆயினும் அதன் பொருளை எவரும் உணரவில்லை.

1882இல் ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நெடும் பயணம் புறப்பட்டது. அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரிக்கு ஆளாயினர். 25 பேர் மாண்டனர். கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோ இதனை ஆராய்ந்து, 1884இல் ட்சுகுபா என்னும் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். ஆனால் மாலுமிகளின் உணவை மாற்றினார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், பிற தானியங்கள் ஆகியவற்றைச் சேர்த்தார். அப்பயணத்தில் ஒருவரும் இந்நோயால் மாளவில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என அவர் எண்ணியது பிழை. அவர் செய்த மாற்றமோ சரியானது. கடற்படை அவர் சொற்படி வாற்கோதுமை கலந்த சோற்றுக்கு மாறியது. தரைப்படை மருத்துவத் தலைவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். அதன் விளைவாக, 1904, 1905ஆம் ஆண்டுகளில் நடந்த ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையினர் சுமார் 27,000 பேர் பெரிபெரியால் மடிந்தனர். பகைவரின் குண்டுக்குத் தப்பியவர்களைத் தம் சொந்தப் பாசறையின் சோறே வீழ்த்தியது.

கோழிக்கூட்டில் தொடங்கிய உண்மை

அக்காலத்தில் டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த ஜாவாவிலும் படைவீரர்களும் கைதிகளும் இந்நோயால் வாடினர். பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஆய்வுக்கூடம் நடத்திய மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், நோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்று நம்பித் தேடினார். அவருடைய கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி ஏற்றாத கோழிகளும் விழுந்தன. பின்னர் எல்லாம் தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது உண்மை வெளியாயிற்று. கோழிகளுக்குச் சில காலம் படை மருத்துவமனையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். மீண்டும் தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ அறிவியலுக்கு வழி திறந்தது.

கோழிக்கு உண்மையானது மனிதர்க்கும் உண்மையா? இதனை அறிய அடால்ஃப் வோர்டர்மன் என்னும் சுகாதார அதிகாரி ஜாவாவின் 101 சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் நோயுற்றிருந்தார். தவிடு நீங்காத அரிசி உண்ட சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே. எனினும் அரிசியில் ஒரு நஞ்சு இருப்பதாகவும், தவிடு அதனை முறிப்பதாகவுமே எய்க்மன் முதலில் கருதினார். அவருக்குப்பின் அங்கே பணியாற்றிய கெரித் கிரைன்ஸ், 1901இல் தெளிவாகச் சொன்னார்: தீட்டிய அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை, உயிருக்கு இன்றியமையாத ஒன்று அதில் இல்லாமற் போய்விட்டது. வேண்டாத ஒன்று உட்புகுவதால் மட்டுமன்று, வேண்டிய ஒன்று இல்லாமையாலும் நோய் வரும் என்னும் இக்கருத்து அன்றைய மருத்துவத்திற்குப் புதியது.

மலாயாவில் தமிழர் உலை

இவ்வரலாற்றில் தமிழர் நுழையும் இடம் மலாயா. இரயில் பாதையிலும் தோட்டங்களிலும் கூலிகளாக உழைக்க நம் மக்கள் கடல் கடந்து சென்ற காலம் அது. அதே நாட்டின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் உழைத்தனர். சீனர்கள் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. தமிழர் செல்வரும் அல்லர். சிறந்த குடியிருப்பில் வாழ்ந்தவரும் அல்லர். அங்ஙனமாயின் அவர்களைக் காத்தது எது?

அங்கு அரசு மருத்துவராயிருந்த லெனார்ட் பிராடன் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1907இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க் குடியானவர் உண்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. வேறுபாடு இதுவே என்றார் அவர். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதனைச் சோதித்தார். 120 பேருக்குத் தீட்டிய பச்சரிசியும், 123 பேருக்குப் புழுங்கல் அரிசியும் தரப்பட்டன. முதற் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். இரண்டாம் பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தன் நிலையை எடுத்துச் சொல்ல இயலாத மனிதர்களைக் கொண்டு இச்சோதனை நடந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. நாம் இன்று பெற்றிருக்கும் அறிவுக்கு அவர்கள் உயிரும் விலையாயிற்று.

நெல் அவித்தலின் நுட்பம் பின்னரே விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே புகுந்து படிகின்றது. அரிசியும் இறுகிவிடுகின்றது. பின்னர் ஆலையில் தீட்டினாலும், நீரில் களைந்தாலும், அச்சத்து முழுவதும் போய்விடுவதில்லை. விடியற்காலையில் அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயவைத்த நம் பாட்டியருக்கு இதன் வேதியியல் தெரியாது. குத்தும்போது அரிசி நொறுங்காது என்பதும், சோறு பசி தாங்கும் என்பதும் தெரியும். அந்த அனுபவ அறிவே கடல் கடந்த பிள்ளைகளின் உயிரைக் காத்தது.

நெல்லூரில் பிறந்தவரின் தேடல்

1912இல் கசிமிர் ஃபுங்க் என்பார் இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார். அதற்கு முன்பே, 1910ஆம் ஆண்டளவில், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் இளம் வேதியியலர் தவிட்டுச் சாற்றை ஆராயத் தொடங்கியிருந்தார். வெள்ளைச் சோற்றையே நம்பியிருந்த தாய்மாரின் பாலைக் குடித்த பச்சிளங் குழந்தைகள் அங்கே பெரிபெரியால் இறந்துகொண்டிருந்தன. தவிட்டுச் சாற்றை ஊட்டியபோது, சாகும் நிலையிலிருந்த குழந்தைகள் சில மணி நேரத்தில் மீண்டன. அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. கால் நூற்றாண்டு உழைப்பிற்குப்பின், 1936இல், தயமின் எனப்படும் அச்சத்தை அவர் செயற்கையாக ஆக்கினார். இவர் 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், மறைபோதகத் தம்பதியர்க்குப் பிறந்தவர். பெயரிலேயே 'நெல்' என்று ஒலிக்கும் ஊரில் பிறந்தவரே நெல்லின் மறைபொருளை வெளிக்கொணர்ந்தார். இதற்கிடையே, 1929இல், எய்க்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது.

குன்னூர் தந்த எச்சரிக்கை

இவ்வளவையும் கேட்டு, நம் உணவு குறையற்றது என்று நாம் இறுமாந்துவிடலாகாது. நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் 1918 முதல் பெரிபெரி பற்றியும், பின்னர் பிற உணவுக் குறைகள் பற்றியும் ஆராய்ந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பி, பாலும் காய்கறியும் குறைந்த சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை மெலிந்து பிணியுற்றன. புழுங்கல் அரிசி ஒரு நோயைத் தடுத்தது உண்மை. சோறு மட்டுமே உணவாகாது என்பதும் உண்மை. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவரான ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியாகக் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். உலக்கை ஓய்ந்தால் ஏழைப் பெண்டிரின் கூலியும் போகும், சோற்றின் சத்தும் போகும் என்பது அவர் கண்ட இரட்டை இழப்பு. உண்பவர் உடல்நலத்தையும் உழைப்பவர் வாழ்வையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறருக்கு உலை வைப்போர்

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை நம் கண்ணில் படும். பெரிபெரியால் பெருந்தொகையாக மாண்டவர் யாவர்? மாலுமிகள், படைவீரர், கைதிகள், சுரங்கக் கூலிகள், காப்பக நோயாளிகள், பால்குடிக் குழந்தைகள். தம் உணவைத் தாமே தெரிந்துகொள்ள இயலாதவர்களே அவர்களுள் மிகப் பலர். யாரோ ஒருவர் அவர்களுக்காக அரிசி வாங்கினார். யாரோ ஒருவர் உலை வைத்தார். உடல்நலம் அவரவர் நாவடக்கத்தைப் பொறுத்தது என்று நாம் பேசுவது பாதி உண்மையே. மறுபாதி, பிறர்க்காக உணவைத் தெரிந்தெடுப்பவர் கையில் உள்ளது.

ஆகவே இச்செய்தி முதலில் நமக்கே உரியது. நம் மாணவர் விடுதிகளிலும், முதியோர் இல்லங்களிலும், குழந்தைகள் காப்பகங்களிலும் ஆண்டு முழுவதும் உலை கொதிக்கின்றது. அங்கே மலிவும் வெண்மையும் மட்டுமே அளவுகோல் ஆகலாமா? மிகுதியாகத் தீட்டாத அரிசியை வாங்குவதும், பலமுறை களைந்து சத்தை நீரோடு போக்காமலிருப்பதும், வடித்த கஞ்சியைக் கொட்டாமற் பயன்படுத்துவதும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. வாரத்தில் சில நாள் கேழ்வரகோ கம்போ, நாள்தோறும் ஒரு கீரை, பயறு, அந்தந்தப் பருவத்தில் விளையும் காய்கனி ஆகியன சேர்ந்தால் தட்டு நிறைவு பெறும். திருவிழா அசனத்தில் சோற்றுக்கு நிகராகப் பருப்பும் காய்கறியும் இடம் பெறட்டும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். தவிடு நீங்காத அரிசியும் மாவுப்பொருள் மிகுந்ததே. நீரிழிவு உடையோர் அதனை மருந்தென எண்ணி அளவின்றி உண்பதும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதும் தீங்காகும். மற்றொன்று, தயமின் குறைவு இன்றும் நம்மிடையே மறையவில்லை. மதுவுக்கு அடிமையானவர்களிடம் அது வாழ்கின்றது. மது அச்சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. நினைவு மங்கி, நடை தள்ளாடும் குடிநோயாளியின் நிலையில் இக்குறைவுக்கும் பங்கு இருக்கக்கூடும். அவரை ஏசி ஒதுக்குவதை விட்டு, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை.

நோயைத் தடுக்கும் பெரும் செயல்கள் பல ஆரவாரமின்றி அடுக்களையில் நடைபெறுகின்றன. அவற்றைச் செய்யும் கைகள் பாராட்டைப் பெறுவதில்லை. வராமற் போன நோயை எவரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை. மலாயாவில் உயிர் தப்பிய தமிழ்த் தொழிலாளர், தம்மைக் காத்தது ஊரில் கற்ற நெல் அவிக்கும் வழக்கம் என்பதை அறியாமலே வாழ்ந்து முடித்தனர். நாம் அதனை அறிந்தவர்கள். அறிந்தபின் நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் நாளை காலை உலையில் இடும் அரிசி எது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.