செம்பட்டைத் தலையும் சவலைப் பிள்ளையும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் திரிந்தவர்களுக்குச் 'செம்பட்டை' என்ற சொல் புதிதன்று. பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறை எனக் கரையோரம் எங்கும், மணலில் விளையாடும் சிறுவர்களின் தலைமயிர் கறுப்பாக இல்லாமல் செம்பு நிறத்தில் பரந்து கிடப்பதைக் காணலாம். காரணம் கேட்டால், 'வெயிலும் உப்புக்காற்றும்' என்பார்கள். பத்திரிகைப் பணியின் பொருட்டு அப்பகுதிக்குப் பலமுறை சென்ற நானும் அந்த விடையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது பொய்யன்று. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி வெயிலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

முதலில் மயிரின் இயல்பைப் பார்த்துவிடுவோம். தலைமயிர் என்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. அதைக் கறுப்பாக்குவது மெலனின் என்ற நிறமி. மயிர்க்காலில் உள்ள நிறமி உயிரணுக்கள், உணவுப் புரதத்திலிருந்து கிடைக்கும் தைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு அதைச் செய்கின்றன. அந்த வேலையை நடத்தும் நொதிக்குச் செப்புச் சத்து வேண்டும். புரதமோ செப்போ கடுமையாகக் குறைந்தால் கருமை மங்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் மயிர் உதிரக்கூடும். பி12 உயிர்ச்சத்து இல்லாதவர்களுக்கு இளநரை கண்டு, மருத்துவத்தின் பின் கருமை மீண்டதும் உண்டு. இதயத்தையும் மூளையையும் காத்த பிறகு எஞ்சியதைத்தான் உடல் மயிருக்குக் கொடுக்கும். ஆகவே பஞ்சம் வந்தால் முதலில் பங்கு வெட்டப்படுவது மயிருக்குத்தான்.

வெயிலின் செம்பட்டையையும் பசியின் செம்பட்டையையும் எப்படிப் பிரித்தறிவது? 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் சந்தித்த மூத்த குடும்பநல மருத்துவ மாது ஒருவர் ஒரே வரியில் விளக்கினார்: "தம்பி, தலையைப் பார்த்த உடனே முடிவு சொல்லிப்போடாதேங்கோ. நுனி சிவந்தால் வெயில், அடி சிவந்தால் வயிறு." மருத்துவ நூல்கள் சொல்வதும் இதற்குப் பெரிதும் மாறானதன்று. வெயில் பழைய மயிரின் நுனியை வெளிறச் செய்யும். அடியில் கருமை இருக்கும். பசியோ மயிர் முளைக்கும் இடத்திலேயே கருமையைத் தடுக்கும். அத்துடன் மயிர் மெலிந்து, ஐதாகி, இழுத்தால் வலியின்றிக் கையோடு வரும். கால் வீங்கியிருக்கும். பிள்ளை சிரிக்காது.

தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. ஆகவே ஒரு பிள்ளை சில மாதம் பட்டினியும் சில மாதம் போதிய உணவுமாக மாறி மாறி வாழ்ந்தால், அதே மயிரில் வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் அடுத்தடுத்துத் தோன்றும். லத்தீன் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குக் 'கொடி அடையாளம்' என்று பெயரிட்டார்கள். கல்வெட்டு ஆய்வாளர் கல்லைப் படிப்பதுபோல, அறிந்தவர்கள் ஒரு பிள்ளையின் கடந்த ஓராண்டை அதன் தலையில் படித்துவிடலாம்.

இந்த நோயை உலக மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜமெய்க்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். இன்று கானா எனப்படும் அன்றைய கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, சோளக் கஞ்சியே உணவாகக் கொண்ட சிறுவர்களிடம் கண்ட நோயை 1933இல் எழுதினார். அங்குள்ள தாய்மார் அதற்குச் சொல்லிவந்த பெயரையே 1935இல் 'லான்செட்' இதழில் வைத்தார்: குவாஷியோர்க்கர். கா மொழியில் அதன் பொருள், அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். நம்மிடம் இதற்கு ஒரு சொல் பன்னெடுங்காலமாக இருக்கிறது: சவலை. தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளை சவலைப் பிள்ளை. தாய் அடுத்த கருவைத் தாங்கியதால் பால் மறக்கடிக்கப்பட்டு ஏங்கும் பிள்ளையும் சவலையே. யாப்பிலக்கணக்காரர் இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாத வெண்பாவைச் 'சவலை வெண்பா' என்றே அழைத்தனர். கிடைக்க வேண்டியது கிடைக்காத குறையைச் சொல்ல அவர்களுக்கும் அந்தச் சொல்லே வாய்த்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளின் தாய்மார், நோயின் பெயரிலேயே அதன் காரணத்தையும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில், தாய்ப்பாலுக்கு ஈடென்று சொல்லி விற்கப்பட்ட டின்பாலைக் கண்டித்து அவர் ஆற்றிய 'பாலும் கொலையும்' என்ற உரை புகழ்பெற்றது. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அவரே பட்டினி கிடந்தார். சோளத்தில் புரதம் போதாததே நோய்க்குக் காரணம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் 1968இல் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஒரே வகை உணவை உண்ணும் சிறுவர்களில் ஒருவன் எலும்பும் தோலுமாகிறான், மற்றவன் வீங்கி மயிர் வெளிறுகிறான் என்றால், புரதத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றார் அவர். மொத்த உணவுப் பற்றாக்குறை, தொற்றுநோய், தனிப்பட்ட உடல் தாங்கும் திறன் எல்லாம் சேர்ந்தே நோயாகின்றன.

இனி மன்னாருக்கு வருவோம். இயற்கை இந்தக் கரையைச் சவலைக்கு விதித்திருக்கவில்லை. கடலில் மீன் உண்டு. பாலூட்டும் தாய்க்குப் பால்சுறா வறையும் பத்தியக் கறியும் கொடுப்பது வழக்கம். முருங்கையும் ஒடியலும் வீட்டு வளவிலேயே கிடைக்கும். கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளையும். தாயைத் தேற்றினால் பிள்ளை தேறும் என்பதை அறிந்த சமையல் இது.

அந்தச் சமையலை முறித்தது வானிலை அன்று, ஆட்சி. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளின்மீது அரசு பொருளாதாரத் தடை விதித்தது. எரிபொருளும் உரமும் மின்கலமும் சீமெந்தும் தடைப்பட்டன. எரிபொருள் இல்லாமல் படகு கடலுக்குப் போகாது. உரம் இல்லாமல் வயல் விளையாது. கிடைத்த எரிபொருளுடன் கடலுக்குப் போனவர்களையும் கடற்படையின் பாஸ், தூர எல்லை, நேரக் கட்டுப்பாடு ஆகியவை கரையோடு கட்டிப்போட்டன. தடை 2002இல்தான் நீங்கியது. குற்றம் அரசோடு முடியவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி உட்பட மன்னாரின் முஸ்லிம் ஊர்கள் சில நாள்களில் வெறுமையாயின. கடலும் வயலும் கையிலிருந்த குடும்பங்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் நிவாரண அரிசிக்குக் காத்திருந்தன.

2007, 2008ஆம் ஆண்டுகளில் சிலாவத்துறை, மடு, அடம்பன், விடத்தல்தீவு என இராணுவம் முன்னேறியபோது, மன்னார் மக்கள் இரண்டாகப் பிரிந்தனர். அரச பகுதிக்கு வந்தவர்கள் களிமோட்டை, சிறுகண்டல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மற்றவர்கள் வன்னிக்குள் நகர்ந்து நகர்ந்து 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். அங்கிருந்த மக்களின் எண்ணிக்கையை அரசு குறைத்துக் காட்டியதால் உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டன என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. தப்ப முயன்ற மக்களைப் புலிகள் தடுத்து வைத்திருந்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைக் கண்டனர். அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

போர் முடிந்த நாட்டிலும் பசி வந்தது. இறக்குமதிப் பால்மாவுக்குத் தாய்மார் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அரசு இலவசமாகக் கொடுத்துவந்த திரிபோஷா சத்துமாவின் உற்பத்தியும் தடுமாறியது. மார்ச் 22 அன்று மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளைச் சேர்ந்த 16 பேர், குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தனர். குண்டுக்கு அஞ்சி முந்தைய தலைமுறை கடந்த அதே கடலை, இவர்கள் அரிசி விலைக்கும் பால் விலைக்கும் அஞ்சிக் கடந்தார்கள்.

புறநானூற்றின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறார். ஆண்டு பலவாகியும் உமக்கு ஏன் நரையில்லை என்று கேட்கிறார்கள். அவர் மூலிகையையும் எண்ணெயையும் சொல்லவில்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்த ஏவலர், ஊரில் வாழும் அடங்கிய சான்றோர் என்று அடுக்கும்போது, தீங்கு செய்யாது காக்கும் வேந்தனையும் சேர்த்துச் சொல்கிறார். நரைக்கு மரபும் வயதும் முதற் காரணங்கள் என்பது உண்மையே. ஆனால் கடும் மன அழுத்தம் நிறமித் தண்டணுக்களை அழிப்பதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2020இல் எலிகளில் காட்டியபின், அந்தப் பழம்புலவரின் விடை எனக்கு வெறும் நயமாகப் படவில்லை. ஆளும் முறைக்கும் தலைமயிருக்கும் தொடர்பு உண்டு என்று தமிழில் முதலில் சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

செம்பட்டையைக் கண்டதும் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்திருந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கடை எண்ணெய் எதுவும் அதற்கு மருந்தாகாது. மருத்துவமும் உணவும் முறையாகக் கிடைத்தால் பிள்ளை தேறும். மயிர் மறுபடி அடியிலிருந்து கறுப்பாகவே முளைக்கும். வெளிறிய பட்டை மேலே மேலே தள்ளப்பட்டு, ஒரு நாள் முடிவெட்டும் கடையில் விழுந்து, கூட்டித் தள்ளப்படும். அந்தப் பிள்ளையின் பசிக்கு அதைத் தவிர வேறு ஆவணம் எங்கும் இருக்காது. ஆதலால்தான் இதை எழுதி வைக்கிறேன்.