ராஜாவின் தொப்பியும் பாட்டியின் ஜாக்கெட்டும்

2024 ஜூலை 17, புதன்கிழமை. ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, உங்க ஊர்லதான் ராஜா இருந்தாராமே, அவரும் இப்படித்தான் பார்லிமெண்ட் தொறப்பாரா?"

அன்று காலையில் இங்கே லண்டனில் மன்னர் சார்லஸ் பார்லிமெண்டைத் தொடங்கி வைத்திருந்தார். புதிய அரசு வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தொடர். அதைத்தான் செய்தியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா மக்ளே" என்று சொல்ல வாயெடுத்தேன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி கேட்டால் சும்மா இருக்க முடியுமா? ஆனால் சட்டென்று என் பாட்டி ஞாபகத்துக்கு வந்தாள். அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் எல்லோருமே ஒருநாள் இப்படி ஏதாவது கேட்கத்தான் போகிறார்கள்.

முதலில் இந்த ஊர்க் கதை. இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான், ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மன்னர் சாரட்டு வண்டியில் வருவார். அவருக்கு முன்னாலேயே கிரீடம் தனி வண்டியில் வந்துவிடும். கிரீடத்துக்குத் தனி வண்டி! 2,868 வைரங்கள், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே உடை மாற்றத் தனி அறை. அங்கே சிவப்பு வெல்வெட் அங்கியைப் போட்டு, கிரீடத்தை வைத்துக்கொண்டு, பிரபுக்கள் சபையில் போய் சிம்மாசனத்தில் உட்காருவார். பிரபுக்களும் சிவப்பு அங்கியில்தான் இருப்பார்கள். மக்கள் சபை உறுப்பினர்களோ சாதாரண கோட்டு சூட்டில் வந்து வாசலருகே நெரித்துக்கொண்டு நின்று கேட்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அலங்காரம் செய்துகொண்ட மன்னர் மக்கள் சபைக்குள் கால் வைக்க முடியாது. 1642-ல் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய உள்ளே நுழைந்தார். அதற்குப் பிறகு எந்த மன்னரும் அங்கே போனதில்லை. மன்னரின் ஆள் கூப்பிடப் போனால், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். அவர் மூன்று முறை தட்டிய பிறகுதான் திறப்பார்கள். மன்னர் படிக்கிற உரையும் அவருடையதில்லை, அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. உடையெல்லாம் அவருக்கு, அதிகாரமெல்லாம் அவர்களுக்கு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

திருவிதாங்கூரில் சட்டசபை வந்தது 1888-ல். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம். இந்திய சமஸ்தானங்களிலேயே முதல் சட்டசபை இதுதான். முதல் கூட்டம் 1888 ஆகஸ்ட் 23 அன்று திவானின் அறையில் நடந்தது. மொத்தமே எட்டுப் பேர், தலைமை திவான் ராமராவ். பிறகு 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. 100 உறுப்பினர்கள். அந்த வருஷம் அக்டோபரில் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கூடினார்கள். அப்போதும் தலைமை திவான்தான், வி.பி.மாதவராவ். சபை மகாராஜா பெயரில், நாற்காலி திவானுக்கு. அடுத்த வருஷமே பெரும்பாலான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. ஆனால் ஓட்டுப் போட நிலவரி கட்டுபவராகவோ, நல்ல வருமானம் உள்ளவராகவோ, பட்டதாரியாகவோ இருக்க வேண்டும்.

அப்படியானால் நம்ம ராஜா கிரீடமும் அங்கியுமாக ஊர்வலம் போனதே இல்லையா? போனார். ஆனால் போனது சட்டசபைக்கு இல்லை, கடற்கரைக்கு.

1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து ராஜாக்கள் "பத்மநாபதாசர்"கள், அதாவது வேலைக்காரர்கள். ஆராட்டு அன்று சுவாமி சங்குமுகம் கடலுக்குப் போகும்போது ராஜா வாளேந்தி முன்னால் நடப்பார். காலில் செருப்பு கிடையாது. மேலே சட்டை கிடையாது. வேட்டி, தலையில் பச்சைத் தொப்பி, கழுத்தில் மரகத மாலை. ஊர்வலம் இன்றைக்கும் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் போகிறது. வருஷத்தில் இரண்டு முறை அதற்காக விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். எண்பதுகளில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, சித்திரைத் திருநாள் மகாராஜா அப்படி நடந்து போனதை மேற்குக் கோட்டையில் பார்த்திருக்கிறேன். மெலிந்த, வயதான மனிதர். கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும்.

அதே ராஜாக்கள் வெள்ளைக்காரர்கள் வந்தால் கோட்டும் தலைப்பாகையும் பதக்கமுமாக நிற்பார்கள். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு 1880-ல் திருவனந்தபுரம் வந்ததை ரவி வர்மா வரைந்திருக்கிறார். ஆயில்யம் திருநாளும் தம்பி விசாகம் திருநாளும் எவ்வளவு உடுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். சாமி முன்னால் கழற்று, துரை முன்னால் போடு. யார் முன்னால் நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் உடை.

இதுவரை சொன்னது பெருமை. மகளிடம் இதை மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பாட்டி விடமாட்டாள்.

தாத்தாவுக்கு சாலைக் கம்போளத்தில் கருப்பட்டிக் கடை. பாட்டி விளவங்கோடு பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆரியசாலைக்கு வந்தவள். எத்தனை புழுக்கமானாலும் முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட்தான் போடுவாள். நான் வெறும் உடம்போடு தெருவில் ஓடினால் பிடித்து இழுப்பாள். "சட்டையப் போடு மக்ளே. நமக்கு அது சும்மா கிடைச்சதில்ல."

எனக்கு அது பல வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும், அதைவிடக் கீழே வைக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது. ஆண்கள் தோளில் துண்டு போடக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் போட அனுமதி கிடைத்தது. ஆனாலும் சந்தையில் துணியைக் கிழிப்பது நிற்கவில்லை. தோள்சீலைக் கலவரம் 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவில் சுற்று வட்டாரத்தில் பற்றி எரிந்தது. சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் விளம்பரம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மேலே உடுத்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அனுமதியிலும் ஒரு முடிச்சு!

இந்த உத்திரம் திருநாளை நான் இங்கே இங்கிலாந்தில் சந்தித்தேன். அதாவது அவர் அனுப்பிய நாற்காலியை. விக்டோரியா ராணிக்கு அவர் செதுக்குவேலை செய்த தந்தச் சிம்மாசனம் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதை வைத்தார்கள். 1876-ல் ராணி, இந்தியாவின் சக்கரவர்த்தினியாக எடுத்துக்கொண்ட படத்தில் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். விண்ட்சர் கோட்டைக்குப் போனபோது அதன் முன்னால் நின்று, "இது எங்க ஊர்" என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த யானைத் தந்தம் கப்பலேறிய காலத்தில் என் பாட்டியின் பாட்டிக்கு மேலே போட ஒரு துணிக்கு உரிமையில்லை.

அதே 1851-ல்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் மறைந்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் கும்பிட வேண்டும் என்று சொன்னவர். சுவாதித் திருநாள் ஆட்சியில் அவரைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். இன்றும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். ராஜாவின் கிரீடத்துக்கு ஏழைகள் கொடுத்த பதில் அது என்றே எனக்குத் தோன்றும்.

இனி மறுபடி சட்டசபைக்கு வரலாம்.

வெங்ஙானூர் அய்யங்காளி புலையர் சாதியில் பிறந்தவர். 1893-ல் வேட்டியும் தலைப்பாகையுமாக வில்லுவண்டியில் ஏறி, தன் மக்கள் நடக்கவே கூடாத பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது, அவர் நிறுத்தவில்லை. 1911 டிசம்பரில் அவரைப் பிரஜா சபைக்கு நியமித்தார்கள். 1912 பிப்ரவரியில் அதே ஜூபிலி ஹாலில் எழுந்து நின்று தன் மக்களுக்கு நிலம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் இடமும் கேட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே உறுப்பினராக இருந்தார். வெள்ளையம்பலத்தில் 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்த சிலையில் அவர் கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் நிற்கிறார். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அவரை யாரோ ஒரு ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராணியின் பெயரில் இருந்த ஜூபிலி ஹாலுக்கு 2019-ல் அய்யங்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள்.

அதனால் பாட்டிக்கு ராஜா மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். ஆராட்டு அன்று சித்திரைத் திருநாளைப் பார்த்துக் கைகூப்புவாள். 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டவர் அவர். தாத்தா அதுவரை ஆரியசாலை தேவி கோயிலை வெளியிலிருந்துதான் கும்பிட்டிருக்கிறார். பாட்டியைப் பொறுத்தவரை கோபமும் கும்பிடும் ஒரே குடும்பத்துக்குத்தான். இரண்டையும் அவள் குழப்பிக்கொண்டதில்லை.

பிறகு நடந்தது சுருக்கமாக. 1947 செப்டம்பரில் மகாராஜா பொறுப்பாட்சி அறிவித்தார். 1948-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1949 ஜூலை 1-ல் கொச்சியோடு இணைந்து, சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகர் ஆனார். பத்மநாபதாசன் வேறொருவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பதா என்று அவர் தயங்கியதை வி.பி.மேனன் எழுதியிருக்கிறார். அரசியல் சட்டம் வந்த பிறகு, ஆளுநர் செய்கிற வேலையெல்லாம் ராஜப்பிரமுகருக்கு. சட்டசபையில் அரசின் உரையை வாசிப்பதும் அதில் ஒன்று. ஆக, மகளின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஆமாம், நம்ம ராஜாவுக்கும் அந்த வேலை இருந்தது. ஆனால் ராஜாவாக ஆண்ட காலத்தில் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு, இங்கே சார்லஸ் படிக்கிற மாதிரி, அடுத்தவர் எழுதிய உரையைப் படிக்கிற வேலையாக வந்தது.

1956 நவம்பர் 1-ல் அந்தப் பதவியும் போயிற்று. பாட்டியின் ஊர் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் ஆரியசாலையில் கேரளத்தில் நின்றோம். அம்மை வீட்டுக்குப் போக பாட்டி களியக்காவிளையில் எல்லை தாண்ட வேண்டியதாயிற்று.

எல்லையைத் தாண்டி இன்னும் மூன்று பேர் வருஷா வருஷம் வருகிறார்கள். நவராத்திரிக்கு பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. ராஜாவின் உடைவாள் முன்னால் வர, இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்வார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் போவாள், நங்கை செந்திட்டைக்குப் போவாள். குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோயிலில்தான். விஜயதசமிக்கு அங்கிருந்து பூஜப்புரைக்குப் போவார். பாட்டி வாசலில் விளக்கேற்றி வைத்து நிற்பாள், நல்ல ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

போன வாரம் மகளிடம் இவ்வளவையும் உட்கார வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "பாட்டியோட ஜாக்கெட் நம்ம வீட்ல இருக்கா அப்பா?" என்று கேட்டாள்.

ஊருக்கு போன் செய்து அம்மாவிடம் கேட்டேன். டிரங்குப் பெட்டியில் ஒன்று இருக்கிறதாம்.

கொசுறு: ஊருக்குப் போகிறவர்கள் லீவை நவராத்திரிக்கு வருகிற மாதிரி போட்டுப் பாருங்கள். குமாரசுவாமி ஆரியசாலைக்குள் நுழைகிற நேரம் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.