தமிழ் இணையத்தில் பட இணைப்பு நெறியும் உலாவித் தேர்வும்

பிறர் தளத்தில் உள்ள படத்தைத் தம் பக்கத்தில் தோன்றுமாறு நேரடியாக இணைக்கலாமா? வாசகர் இந்த உலாவியில்தான் படிக்க வேண்டும் என்று தளம் நடத்துபவர் விதிக்கலாமா? இவ்விரு கேள்விகளும் வலையின் தொடக்கக் காலத்திலிருந்தே இருந்து வருகின்றன. பிற மொழிகளில் இவை பெரும்பாலும் தனித்தனியாகப் பேசப்பட்டன. தமிழில் எழுத்துருச் சிக்கல் காரணமாக இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஒருவரது வசதிக்கான செலவை யார் சுமப்பது? தாம்பரத்தை ஒட்டிய தென்சென்னைப் புறநகருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

நேரடிப் பட இணைப்பு

1993 பிப்ரவரியில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், வலைப்பக்கத்தின் எழுத்துகளுக்கு நடுவே படத்தைக் காட்ட ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தார். அக்குறிச்சொல்லில் படத்தின் முகவரி மட்டும் இருக்கும். அந்த முகவரி தம் வழங்கியில் இருக்கலாம்; உலகின் வேறு எந்த வழங்கியிலும் இருக்கலாம். பக்கத்தைத் திறக்கும் உலாவி, படத்தை அந்த முகவரியிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். படம் எங்கிருந்து வந்தது என்பது வாசகர் கண்ணுக்குத் தெரியாது.

இதனால் படத்தை வைத்திருப்பவர் ஒருவர், அதைக் காட்டிப் பயன்பெறுபவர் வேறொருவர் என்ற நிலை உருவானது. 200 கிலோபைட் அளவுள்ள படம் 5,000 முறை பார்க்கப்பட்டால் ஏறத்தாழ 1 ஜிகாபைட் தரவு செலவாகும். மாத வரம்புள்ள சிறு தளத்துக்கு அது பெருஞ்சுமை. பக்கத்து வீட்டு மோட்டாரில் நம் தொட்டியை நிரப்புவது போன்றது இது. தண்ணீர் நமக்கு, மின்கட்டணம் அவருக்கு.

இதைத் தடுக்கவும் வழி இருந்தது. படத்தைக் கேட்கும் உலாவி, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்ற தகவலையும் வழக்கமாகச் சேர்த்து அனுப்பும். வேற்றுத் தளத்தின் பெயர் வந்தால் படத்தை மறுக்குமாறு வழங்கியை அமைக்கலாம். சிலர் மறுப்பதற்குப் பதிலாகப் படத்தையே மாற்றிவிட்டார்கள். 2007 மார்ச்சில் அமெரிக்க அரசியல்வாதி ஜான் மெக்கெயினின் மைஸ்பேஸ் பக்கம், மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளரின் வழங்கியிலிருந்து படங்களை நேரடியாக எடுத்து வந்தது. டேவிட்சன் அவற்றில் ஒன்றை மாற்றி, மெக்கெயின் தம் கொள்கைக்கு நேர்மாறான ஓர் அறிவிப்பை வெளியிட்டது போலத் தோன்றச் செய்தார். பிறர் கோப்பை நம்பியிருப்பவருக்குத் தம் பக்கத்தின் மீதே கட்டுப்பாடு இல்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

குரோம்பேட்டையும் வழங்கித் தொழிலும்

வழங்கிச் செலவை உலக அளவில் ஒரு தொழிலாக்கியவர்களுள் ஒருவர் கே. பி. சந்திரசேகர். தாம்பரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் பயின்றவர் இவர். 1994இல் பி. வி. ஜெகதீசுடன் இணைந்து அமெரிக்காவில் எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தை நிறுவினார். பெரிய இணையதளங்களின் வழங்கிகளைத் தன் தரவு மையங்களில் வைத்து இயக்கித் தருவதே அதன் தொழில். அந்நிறுவனம் 2001இல் திவாலானது. ஆனால் அவர் பெயரால் எம்.ஐ.டி. வளாகத்தில் அமைந்த ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் தொடர்ந்து இயங்கியது. தமிழ் மொழித் தொழில்நுட்பத்திலும் கட்டற்ற மென்பொருளிலும் ஈடுபட்டது.

படங்களாக வந்த தமிழ்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நகரங்களுள் அன்றைய மெட்ராசும் ஒன்று. தொலைபேசி வழியாக வந்த அந்த இணைப்பு மிக மெதுவானது. மாணவர்களுக்கான கணக்குகளில் எழுத்து மட்டுமே தெரியும். அவற்றில் லிங்க்ஸ் போன்ற எழுத்து உலாவிகளே பயன்பட்டன, படங்கள் தோன்றா.

அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில், நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஒரு வலைத்தளம் தொடங்கப்பட்டது. அதில் தமிழும் இடம்பெற நா. கோவிந்தசாமி உழைத்தார். தமிழ் எழுத்துகள் வலையேறிய மிக முந்தைய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

அப்போது வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சிலர் தமிழ்ச் செய்தியையும் கவிதையையும் படக்கோப்பாக மாற்றி வெளியிட்டனர். எந்தப் படம் காட்டும் உலாவியிலும் அது தெரிந்தது. ஆனால் ஒரு பத்திக்கே பெரிய கோப்பு தேவைப்பட்டது; அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது; எழுத்து உலாவியிலோ பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானிலோ அது வெற்றிடம். படத்துக்கு மாற்றாக எழுத்துக் குறிப்பு தருவதை 1997 டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0 கட்டாயமாக்கியது. ஆனால் எழுத்தே படமாகிவிட்ட பக்கத்துக்கு அந்தக் குறிப்பையும் தமிழில் எழுத வழியில்லை.

எழுத்துருவும் உலாவிக் கட்டாயமும்

1990களின் இறுதியில் மயிலை, முரசு அஞ்சல் முதலிய எழுத்துருக்கள் பரவின. மின்னஞ்சல் விவாதங்கள் வழியே திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. இருந்தும் பல தளங்கள் சொந்தக் குறியேற்றத்திலேயே இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ரோமன் எழுத்துகளே தெரிந்தன. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கும் மாணவர், ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு அங்கே அனுமதி கிடைப்பதும் உறுதியில்லை.

இதற்குத் தீர்வாக வந்தவை இயங்கு எழுத்துருக்கள். பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் வழங்கியிலிருந்து இறங்கிவிடும். ஆனால் உலாவிப் போட்டியில் இருந்த இரு நிறுவனங்கள் இரு வேறு முறைகளைக் கையாண்டன. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4க்கு ஒரு வகைக் கோப்பு; நெட்ஸ்கேப் 4க்கு வேறொரு வகை. ஒன்று மற்றதில் வேலை செய்யாது. இரண்டையும் செய்து வைக்க நேரமில்லாதவர்கள், ‘இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் காண்க’ என்று முகப்பில் எழுதி வைத்தார்கள். உலாவித் தேர்வு வாசகர் கையிலிருந்து தளத்தின் கைக்கு மாறியது.

மைக்ரோசாப்டின் முறையில் இன்னொரு கட்டும் இருந்தது. எழுத்துருக் கோப்பு எந்தத் தளத்தின் முகவரிக்காகச் செய்யப்பட்டதோ அங்கு மட்டுமே இயங்கும். பிறர் அதை நேரடியாக இணைத்துப் பயன்படுத்த முடியாது. எழுத்துருவை உருவாக்கியவரின் உரிமையைக் காக்க இது உதவியது. ஆனால் தளம் வேறு முகவரிக்கு மாறினாலோ மூடப்பட்டாலோ அதன் எழுத்துகளும் படிக்க முடியாதவையாயின. அப்படி நின்றுபோன பக்கங்கள் எங்கேனும் சேமிக்கப்பட்டிருந்தாலும், குறியேற்றம் எதுவென்று கண்டறிந்து மாற்றினால்தான் இன்று படிக்க முடியும்.

ஒருங்குறியும் பயர்பாக்சும்

ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை ஆதரித்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அக்காலத் தமிழ் வலைப்பதிவுகளும் ஒருங்குறிப் பயன்பாட்டைப் பரப்பின. தனி எழுத்துருவைத் தரவிறக்கும் தேவை குறைந்ததால் உலாவிக் கட்டாயத்துக்கான காரணமும் குறைந்தது.

2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வெளியானது. 2005 ஏப்ரலில் நடுவண் அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழ் இடைமுகம் கொண்ட பயர்பாக்சும் இருந்தது. அதே ஆண்டில் குரோம்பேட்டை ஏ.யு.-கே.பி.சி. மையமும் சி-டாக்கின் சென்னை மையமும் இணைந்து நடத்தும் தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையம் தொடங்கியது.

எனினும் ஒரு நடைமுறைச் சிக்கல் நீடித்தது. இரு ஓரமும் சமமாகச் சீர்செய்யப்பட்ட தமிழ்ப் பத்திகள், பயர்பாக்சின் தொடக்கப் பதிப்புகளில் உடைந்து தெரிந்தன. கொம்பும் காலும் எழுத்திலிருந்து பிரிந்து நின்றன. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் சரிபார்த்தவர்களுக்கு இது தெரியவே இல்லை. வாசகர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, பலர் பத்திகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தினர். 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 இக்குறையைத் தீர்த்தது. ‘உலாவியை மாற்றுங்கள்’ என்று வாசகரிடம் சொல்வதைவிடப் பக்கத்தைச் சிறிது மாற்றுவது எளிது என்பதற்கு இது நல்ல சான்று.

2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

சட்டமும் உரிமமும்

பட இணைப்பு வெறும் மரியாதை சார்ந்ததா, சட்டம் சார்ந்ததா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. படத்தைத் தன் வழங்கியில் வைக்காமல் இணைப்பு மட்டும் தருவது படத்தைக் காட்சிப்படுத்துவது ஆகாது என்று 2007இல் பெர்பெக்ட் 10 வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 52(1)(சி) பிரிவு, மின்னணு இணைப்புத் தரும் நோக்கில் நிகழும் தற்காலிகச் சேமிப்புக்கு விலக்கு அளிக்கிறது. உரிமையாளர் வெளிப்படையாகத் தடை செய்யாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. எனவே ‘இணைக்க வேண்டாம்’ என்று தளத்தில் எழுதியிருப்பதற்கு இங்கே பொருள் உண்டு.

நெறியையும் சட்டத்தையும் ஒருங்கே எளிதாக்கியது கட்டற்ற உரிமம். 2004 செப்டம்பரில் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம், தன் கோப்புகளைப் பிற தளங்கள் நேரடியாக இணைப்பதை அனுமதிக்கிறது. ஆனாலும் படியெடுத்துத் தம் வழங்கியில் வைப்பதையே பரிந்துரைக்கிறது. படைப்பாளர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும் என்ற கடமை, படியெடுத்தாலும் இணைத்தாலும் மாறாது.

இணைப்பே சரியாகும் இடம்

படியெடுப்பதுதான் எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தது. அதன் பிறகு மழைக்காலத்தில் ரேடார் படம் பார்ப்பது இப்பகுதியினர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இன்று சென்னைத் துறைமுகத்தில் உள்ள ரேடாரோடு, பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் ஒரு ரேடார் இயங்குகிறது. இப்படங்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுபவை. அவற்றைப் படியெடுத்துப் பரப்பினால் நேற்றைய மேகம் இன்றைய எச்சரிக்கையாகிவிடும். இத்தகைய படத்துக்கு, அது உள்ள பக்கத்தின் முகவரியைத் தருவதே முறை. அப்போது நேரக் குறிப்பும் விளக்கமும் வாசகருக்குச் சேர்ந்தே கிடைக்கும்.

இன்றைய நிலை

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவை 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்ட் பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் முடித்துக்கொண்டது. எழுத்துருவைத் தரவிறக்கும் முறைக்கும் இப்போது எல்லா உலாவிகளும் ஏற்ற பொதுத் தரம் உண்டு. ஆனால் 2008இல் வந்த குரோம், இன்று உலகப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வகிக்கிறது. எட்ஜ், ஓபரா ஆகியவையும் அதே குரோமியம் அடித்தளத்தில் இயங்குகின்றன. ஒரே உலாவியில் மட்டும் சரிபார்க்கும் பழக்கம் திரும்புவதற்கான சூழல் இது.

தளம் தொடங்கும் மாணவருக்கு இந்த வரலாறு தரும் நடைமுறைகள் சில. நிலையான படத்தை உரிமம் பார்த்துப் படியெடுத்து, பெயர் குறித்து, தம் வழங்கியில் வைக்க வேண்டும். மாறும் படத்துக்குப் பக்க முகவரியைத் தர வேண்டும். தமிழ் உரையை எழுத்தாகவே இட வேண்டும். படமாக இடக் கூடாது. வெளியிடுமுன் குறைந்தது இரு வேறு அடித்தளங்களில் இயங்கும் உலாவிகளில் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் நேரம் சிறிது. அந்த நேரத்தைத் தளம் நடத்துபவர் செலவிடாவிட்டால், அச்செலவு படத்துக்கு உரியவர் மீதோ வாசகர் மீதோ விழும்.