"ஆபரேஷன் பண்ணா வொர்த்தா சார்?" - ஒரு வார்த்தையோட கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் ஒரு நைட் ட்யூட்டி. 74 வயசுப் பெரியவர், மயிலாப்பூர் பக்கம் வீடு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்போட கழுத்துப் பகுதி முறிஞ்சிடுச்சு. "இடுப்பு ஒடைஞ்சு போச்சு"ன்னு நாம சொல்றது பெரும்பாலும் இதைத்தான். கூட வந்தவர் மகன். தி.நகர்ல ஒரு ஜவுளிக் கடைல சேல்ஸ்மேன். எக்ஸ்ரேவைக் காட்டி, காலைல ஆர்த்தோ டாக்டர் வந்து பார்ப்பார், பந்து மூட்டை மாத்துற ஆபரேஷன் தேவைப்படலாம், இங்க அதுக்குக் காசு கிடையாதுன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துட்டு கேட்டார்:

"இந்த வயசுல ஆபரேஷன் பண்ணா வொர்த்தா சார்?"

எனக்குச் சுள்ளுனு வந்தது. அப்பா மூணடி தள்ளி ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கார், காதும் நல்லா கேக்குது. ஃப்ரீயா பண்றதுக்கே வொர்த்தான்னு கேக்குறாரேன்னு வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, "காலைல பேசலாம்ணா"ன்னு நகர்ந்துட்டேன். ஆனா விடியற்காலை மூணு மணிக்குக் கேஸ் ஷீட் எழுதும்போது அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. மனுஷன் என்னதான் கேட்டார்?

சென்னைல இந்த வார்த்தையை நாம எப்படிப் புழங்குறோம்னு பாருங்க. ரங்கநாதன் தெருவுல "இந்த ரேட்டுக்கு வொர்த்துக்கா, எடுத்துக்கோங்க". பெசன்ட் நகர் பீச்ல "அந்தக் கடை பஜ்ஜி வொர்த்து மச்சி". அடையாறுல வீடு பார்க்கும்போது "இந்த வாடகைக்கு வொர்த் இல்ல". படம் வொர்த். காலேஜ் வொர்த் இல்ல. கடைசியா, "அவன்லாம் வொர்த்தே இல்லடி, விட்டுடு".

ஆங்கில இலக்கணப்படி இந்தச் சொல் இப்படித் தனியா நிக்கக் கூடாது. எவ்வளவு வொர்த், எதுக்கு வொர்த்னு பின்னாடியே ஒண்ணு வரணும். நூறு ரூபாய்க்கு வொர்த், போய்ப் பார்க்க வொர்த், இப்படி. நாம அந்த வாலை நறுக்கிட்டோம். அதனால விலை, ருசி, பலன், ஆளோட குணம் எல்லாம் ஒரே சொல்லுக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு.

ஆனா பழியை நம்ம மேல மட்டும் போட முடியாது. அந்த வார்த்தை பிறப்புலயே அப்படித்தான். பழைய ஆங்கிலத்துல 'வெயோர்த்'. விலைக்கும் அதுதான், மதிப்புக்கும் அதுதான், மரியாதைக்கும் அதுதான். ஜெர்மன்ல இன்னிக்கும் இருக்கிற 'வேர்ட்' இதோட பங்காளி.

மரியாதைப் பக்கமா போன கிளைதான் 'வொர்ஷிப்'. பிரிச்சுப் பாருங்க: வொர்த் + ஷிப். மதிப்பு உள்ளவரா இருக்கிற நிலை, அவ்வளவுதான். முதல்ல மனுஷனுக்குத்தான் சொன்னாங்க, சாமிக்குப் போனது பிறகு. ஜவுளிக் கடை பில்லுல இருக்கிற வார்த்தையும் கபாலி கோயில் வாசல்ல சொல்ற வார்த்தையும் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

இதுல நம்ம ஊருக்கு ஒரு தனிக் கதை உண்டு. மெட்ராஸ் மாநகராட்சி 1688-ல ஆரம்பிச்சது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். இங்கிலாந்து வழக்கப்படி மேயருக்கு 'வொர்ஷிப்ஃபுல்'னு அடைமொழி, அதாவது மதிப்புக்குரியவர். தமிழாக்கினவர் கோயில் வாசல்லயே நின்னுட்டார் போல, 'வணக்கத்துக்குரிய மேயர்'னு ஆக்கிட்டார். பழைய விழா அழைப்பிதழ் வீட்ல இருந்தா எடுத்துப் பாருங்க. இப்போ 'மாண்புமிகு'ன்னு ஆகிடுச்சு.

சரி, விலைப் பக்கம் போன கிளை என்னாச்சு? டாக்டரா எனக்கு ஆர்வம் அங்கதான்.

ஆங்கில மொழியில எழுதப்பட்டு நமக்குக் கிடைச்சிருக்கிற சட்டங்கள்ல மிகப் பழசு, கென்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட்டோடது. சுமார் கி.பி. 600. அதைப் படிச்சா சட்டம் மாதிரியே இருக்காது, எங்க கேஷுவாலிட்டி ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும். காது அறுந்தா இவ்வளவு, பல் போனா இவ்வளவு, விலா எலும்பு முறிஞ்சா இவ்வளவு. சுதந்திர மனுஷன் ஒருத்தனைக் கொன்னா 100 ஷில்லிங். கட்டை விரல் போனா 20. நடு விரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டு விரலுக்கு 11.

சுண்டு விரலுக்கு நடு விரலை விட ரெண்டரை மடங்குக்கும் மேலயான்னு சிரிக்காதீங்க. கையால ஒண்ணை இறுக்கிப் பிடிக்கும்போது பலம் கொடுக்கிறது சுண்டு விரல், மோதிர விரல் பக்கம்தான். நம்பிக்கை இல்லன்னா சுண்டு விரலை மடக்காம ஒரு சுத்தியலைப் பிடிச்சுப் பாருங்க. வாளும் கோடாலியும் பிடிச்ச ஊருக்கு அது தெரிஞ்சிருக்கு.

அந்தச் சட்டத்துல அடிமைத் தொழிலாளியும் வர்றான். ஒரு அடிமை இன்னொரு குற்றமில்லாத அடிமையைக் கொன்னுட்டா, செத்தவனோட முழு 'வெயோர்த்'தையும் கட்டணும். அதாவது அவனை வாங்குற விலை. ஆங்கிலத்தோட முதல் சட்ட ஏட்டுலயே மனுஷனுக்குப் பக்கத்துல இந்த வார்த்தை வந்து நின்னாச்சு.

காட்டுமிராண்டிக் காலம்னு தாண்டிடாதீங்க. நம்ம நாட்டுல 1923-ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட (2009 திருத்தத்துல பேரையும் மாத்தினாங்க) அட்டவணையை எடுத்துப் பாருங்க. கட்டை விரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசா போனா 14. நடு விரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. வாள் போய் மெஷின் வந்ததும் சுண்டு விரல் விலை எறங்கிடுச்சு. அந்தச் சதவீதத்தைச் சம்பளத்தோடயும் வயசுக்கான ஒரு எண்ணோடயும் பெருக்குவாங்க. 16 வயசுக்கு அந்த எண் 228.54. 65 தாண்டினா 99.37. இந்த மாதிரி சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடுறவங்க நாங்கதான், அதனால கென்ட் ராஜாவைப் பார்த்து நான் ரொம்பச் சிரிக்க முடியாது.

பிரிட்டன்ல இன்னும் ஒரு படி மேல. 1999-ல தொடங்கின 'நைஸ்'ங்கிற அரசு அமைப்பு, ஒரு புது மருந்துக்கு அரசுப் பணத்தைச் செலவழிக்கலாமான்னு பார்க்க, நல்ல ஆரோக்கியத்தோட வாழ்ற ஒரு வருஷத்துக்கு 20,000-லேர்ந்து 30,000 பவுண்டுன்னு ஒரு அளவுகோலைப் பல வருஷம் வெச்சிருந்தது. கேக்கக் கொடூரமா இருக்கும். ஆனா பணம் எல்லா இடத்துலயும் அளவாத்தான் இருக்கு. யாரோ எங்கயோ அந்தக் கணக்கைப் போட்டுட்டுத்தான் இருக்காங்க, அவங்க அதை வெளிப்படையா எழுதி வெச்சுட்டுப் போட்டாங்க.

இப்ப நம்ம பெரியவர்கிட்ட வருவோம். அன்னிக்கு ராத்திரி ட்ரிப் லைன் போடக் கையைப் பிடிச்சப்போதான் பார்த்தேன், வலது கைல ஆள்காட்டி விரல் அடியோட இல்ல. கேட்டேன். "பிரஸ்ல கட்டிங் மெஷின் சார். பதினாலு பர்சென்ட் போச்சு"ன்னார். விரல் போச்சுன்னு சொல்லல, பதினாலு பர்சென்ட் போச்சுன்னார். அப்புறம் மகன் நின்ன பக்கம் கண்ணைக் காட்டி மெதுவா, "அவனைத் திட்டாதீங்க சார். இது கால் காசு பெறாத உடம்பு. எதுக்கு அவனுக்கு லீவும் அலைச்சலும்"னார்.

'பெறாத'. எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு.

ஆங்கிலத்து வொர்த்துக்கு அச்சு அசலா தமிழ்ல ஒரு சொல் இருந்திருக்கு, நாமதான் மறந்துட்டோம். "இந்த மாடு எவ்வளவு பெறும்?" "பத்து ரூபா பெறாத பொருள்". இதுல 'பெறும்'ங்கிறது விலை இல்ல. விலை கடைக்காரர் சொல்றது. பெறுமானம் பொருள்ல இருக்கிறது. ரெண்டும் ஒண்ணா இல்லாதப்போதான் நாம ஏமாந்தோம்னு சொல்றோம். இலங்கைத் தமிழர்கிட்ட இது இன்னும் உயிரோட இருக்கு, அங்க வாட் வரிக்குப் பேரே 'பெறுமதி சேர் வரி'. நம்ம பக்கம் அது 'மதிப்புக் கூட்டு வரி' ஆயிடுச்சு.

அந்தக் கால் காசையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (நைட் ட்யூட்டில வேற என்ன பண்றது). கோட்டையில கம்பெனிக்காரன் வெச்ச கணக்குல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, வராகனுக்கு 3,360 காசு. 1818-ல ரூபாய்க்கு மாறினப்போ ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். அப்போ ஒரு காசுங்கிறது ரூபாயில 960-ல ஒரு பங்கு, கால் காசு 3,840-ல ஒரு பங்கு. பழமொழி இந்தக் காசைத்தான் சொல்லுதுன்னு அடம்பிடிக்க மாட்டேன், சோழர் காலத்துல தங்கத்துலயே காசு இருந்திருக்கு. ஆங்கில 'கேஷ்' தமிழ்லேர்ந்து போனதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, அது பாதி உண்மை. சில்லறை நாணயத்தைக் குறிச்ச 'கேஷ்' நம்ம காசு, போர்ச்சுகீசியர் வழியா போனது. கைல இருக்கிற ரொக்கத்தைக் குறிக்கிற 'கேஷ்' பிரெஞ்சுப் பணப்பெட்டிலேர்ந்து வந்தது.

இன்னொண்ணு, அதுக்கு நான் கொஞ்சம் பாரபட்சமான ஆள். 'வேல்யூ'ங்கிற சொல் லத்தீன் 'வலேரே'லேர்ந்து வந்தது. அதுக்கு அர்த்தம் உடம்பு பலமா, சுகமா இருக்கிறது. 'வேலிட்' அதோட பிள்ளை. 'இன்வேலிட்'னா செல்லாதுன்னு நமக்குத் தெரியும், அதே எழுத்துதான் ஆங்கிலத்துல ரொம்ப காலம் நோயாளிக்கும் பேர். இன்னிக்கும் உடம்பு முடியாம வேலையை விடுற அரசு ஊழியருக்கு 'இன்வேலிட் பென்ஷன்'தான். சுகமா இருந்தா மதிப்பு, படுத்தா செல்லாத நோட்டு. கால் காசுன்னு பெரியவர் சொன்னதும் இதுவும் ஒரே கணக்கு.

காலைல மகனைக் கூப்பிட்டு டீக்கடை பெஞ்சுல உட்கார வெச்சேன். "அண்ணா, நேத்து வொர்த்தான்னு கேட்டீங்களே, காசைக் கேட்டீங்களா, பலனைக் கேட்டீங்களா, இல்ல அப்பா வலி தாங்குவாரான்னு கேட்டீங்களா?"ன்னேன்.

மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு. "தானா எழுந்து பாத்ரூம் போவாரா சார்? அவ்வளவுதான் கேட்டேன். அம்மா போனப்புறம் யார்கிட்டயும் ஒரு தம்ளர் தண்ணி கேக்க மாட்டார். என்னை அவரைக் கழுவ விட்டா அன்னிக்கே செத்துடுவார் சார்."

நாள் முழுக்கப் புடவைக்கு வொர்த் வொர்த்னு சொல்லிச் சம்பளம் வாங்குறவர். அவர் வாய்க்கு அந்த நேரத்துல வந்த வார்த்தை அது ஒண்ணுதான். நான் அதை ஜவுளிக் கடை அர்த்தத்துலயே கேட்டுட்டேன்.

அதுக்கு என்கிட்ட பதில் இருந்தது. ஆபரேஷன் பண்ணலன்னா மாசக்கணக்குல படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சுல சளி, கால்ல ரத்தக் கட்டி. பண்ணா, எல்லாம் சரியா போனா, ஓரிரு நாள்ல வாக்கர் பிடிச்சு நிக்க வைப்போம். ரிஸ்க் இருக்கு, சுகர் இருக்கு, இந்த வயசுல மயக்க மருந்துக்கும் பயம் இருக்கு. பழையபடி முழுசா நடப்பார்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பாத்ரூமுக்கு அவரே போக நல்ல வாய்ப்பு இருக்கு. இதையே பெரியவர்கிட்டயும் தனியா சொன்னேன், ஏன்னா உடம்பு அவரோடது. "பாத்ரூம் போலாமா? அப்ப பண்ணிடுங்க"ன்னார்.

நாலாம் நாள் ஆபரேஷன். சீக்கிரம் பண்ணியிருக்கலாம், சுகர் இறங்கல. மறுநாளே பிசியோ வந்து எழுப்பி நிக்க வெச்சார்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு மகன் புது வாக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். பெரியவர் அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு, அழுத்திப் பார்த்து, நாலு காலையும் தட்டிப் பார்த்தார். "எவ்ளோடா?"

"எண்ணூறுப்பா." உண்மை விலை அதுக்கு மேல, பில்லை நான் பார்த்தேன்.

"எண்ணூறா! முந்நூறு பெறாது இது. ஏமாந்துட்டியேடா"ன்னு சொல்லிட்டு, அதைத் தள்ளிக்கிட்டே லிஃப்ட் பக்கம் நடக்க ஆரம்பிச்சார்.