வட அமெரிக்காவில் வணிகத் தேனீக்களின் குளிர்காலம்

வட அமெரிக்காவில் வணிக நோக்கில் வளர்க்கப்படும் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம், 19ஆம் நூற்றாண்டு முதல் பலமுறை மாறியுள்ளது. கடுங்குளிரோடு சந்தையும் நோயும் இம்மாற்றங்களுக்குக் காரணமாயின.

தேனீக்களின் இயல்பு

அங்கு வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. குளிர் மிகும்போது தேனீக்கள் அடைகளின் மீது நெருக்கமாகத் திரண்டு, பறப்பதற்கான தசைகளை அதிரச்செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. அதற்கு வேண்டிய ஆற்றல் கோடையில் சேமித்த தேனிலிருந்து கிடைக்கிறது. தேன் தீர்ந்துவிட்டால் தேனீக்குடும்பம் முழுதும் மடியும்.

நிலவறையும் அழிப்பும்

19ஆம் நூற்றாண்டில் வட மாநிலங்களில் பலர் தேனீப் பெட்டிகளை நிலவறைகளில் வைத்தனர். அங்கு வெப்பநிலை சீராக இருந்ததால் தேன் குறைவாகவே செலவாயிற்று. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் பின்னாளில் வேறொரு வழக்கம் பரவியது. இலையுதிர்காலத்தில் தேனை எடுத்துக்கொண்டு தேனீக்களைக் கொன்றனர். வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து புதிய தேனீக்களை வாங்கினர். குளிர்காலம் முழுதும் உணவளித்துக் காப்பதைவிட இது இலாபகரமாக இருந்தது. ஒட்டுண்ணிகள் பரவியதால் 1987இல் கனடா இந்த இறக்குமதியை நிறுத்தியது. அதன்பின் தேனீக்களைக் குளிர்காலத்தில் காப்பது அங்கு கட்டாயமாயிற்று.

இடம்பெயர்வு

யூட்டா மாநிலத்தின் நெஃபை மில்லர், 1907ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தம் தேனீப் பெட்டிகளை இரயிலில் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் இடம்பெயர் தேனீ வளர்ப்பின் முன்னோடியாக அவர் கருதப்படுகிறார். வெப்பமான பகுதியில் தேனீக்கள் முன்னதாகவே பெருகியதால், வசந்தத்தில் வலுவான குடும்பங்கள் கிடைத்தன.

பாதாம் தோட்டங்கள்

பின்னர் கலிபோர்னியாவின் பாதாம் சாகுபடி பெருகியது. பெரும்பாலான பாதாம் வகைகள் காய்க்க வேறு வகை மரத்தின் மகரந்தம் தேவை. பிப்ரவரியில் மரங்கள் பூக்கும்போது ஏக்கருக்கு ஏறத்தாழ 2 பெட்டிகள் வைக்கப்படுகின்றன. இதற்காகக் கோடையில் வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் தேன் சேகரித்த பெட்டிகள் லாரிகளில் கொண்டுவரப்படுகின்றன. பலருக்குத் தேனைவிட மகரந்தச் சேர்க்கைக் கட்டணமே முதன்மை வருவாயாகிவிட்டது. ஆயினும் நாட்டின் பெரும்பாலான வணிகத் தேனீக்கள் ஒரே இடத்தில் கூடுவதால் நோயும் ஒட்டுண்ணியும் எளிதில் பரவுகின்றன.

குளிர்க் கிடங்குகள்

அண்மைக் காலத்தில் பலர் பாதாம் பூக்கும் வரை பெட்டிகளை ஐடஹோ முதலிய இடங்களில் இருட்டான, காற்றோட்டமுள்ள கிடங்குகளில் வைக்கின்றனர். அங்கு வெப்பநிலை சுமார் 5 பாகை செல்சியசில் பேணப்படுகிறது. குளிரில் இராணித்தேனீ முட்டையிடுவதை நிறுத்துகிறது. வரோவா உண்ணி தேனீப் புழுக்கள் வளரும் அறைகளில் மட்டுமே இனம்பெருக்குவதால், அதன் பெருக்கமும் தடைப்படுகிறது. தேனைச் சிக்கனப்படுத்த உருவான பழைய நிலவறை முறை, உண்ணியைக் கட்டுப்படுத்தும் வழியாகவும் இவ்வாறு மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளது.