விலக்கின் அரசியல்: பெல்ஜியத்தில் ஜெனரல் ஃபால்கன்ஹௌசன், 1940–1944

பிரசெல்ஸ் இராணுவ நீதிமன்றம் 1951 மார்ச் 9 அன்று, போர்க்காலத்தில் பெல்ஜியத்தை ஆண்ட ஜெர்மன் ஜெனரல் அலெக்சாண்டர் ஃபான் ஃபால்கன்ஹௌசனுக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அடுத்த சில வாரங்களிலேயே அவர் விடுதலையாகி ஜெர்மனியில் இருந்தார். விசாரணைக் கைதியாக இருந்த காலத்தையும் சேர்த்தால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிட்டது என்பது அதற்கான சட்டக் காரணம். அவருக்காகச் சாட்சி சொன்னவர்களில் பெல்ஜியர்களும் உண்டு; அவரால் உயிர் தப்பியவர்கள் உண்டு. அவருடைய நிர்வாகத்தின்கீழ் சுட்டுக் கொல்லப்பட்ட பிணைக்கைதிகளின் எண்ணிக்கை 240. மெகெலென் நகரின் டோசின் பாசறையிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட யூதர்கள் 25,000-க்கும் மேல்.

இந்த இரண்டு கணக்குகளையும் எதிரெதிராக எழுதி, மீதி என்ன என்று பார்ப்பதே அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் வழி. நாஜிகளை வெறுத்த பழைய பிரஷ்யக் கனவான் என்பார்கள் ஒரு சாரார். கையெழுத்துகளைக் காட்டுவார்கள் மறுசாரார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் அந்த முறையே தவறு என்பது என் வாதம். அவர் அளித்த விலக்குகளும் அவர் நடத்திய ஒடுக்குமுறையும் ஒரே ஆட்சிமுறையின் இரு உறுப்புகள். விலக்கு இருந்ததால்தான் விதி எதிர்ப்பின்றி ஓடியது.

1878-இல் சிலேசியாவில் பிறந்த ஃபால்கன்ஹௌசனின் வாழ்க்கையில் ஐரோப்பாவுக்கு வெளியே கழிந்த ஆண்டுகள் கணிசம். சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியை ஒடுக்கப் போன படையில் இருந்தார். டோக்கியோ தூதரகத்தில் இராணுவ அதிகாரியாகப் பணிபுரிந்தார். முதல் உலகப் போரில் பாலஸ்தீனத்தில் துருக்கியப் படையோடு நின்று பிரஷ்யாவின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார். 1930-இல் ஓய்வு. பிறகு சீனாவுக்குப் போய், ஹான்ஸ் ஃபான் ஸேக்ட்டுக்குப் பின் சியாங் கை-ஷெக்கின் தலைமை இராணுவ ஆலோசகர் ஆனார். ஜப்பானோடு நட்பை வலுப்படுத்திய பெர்லின், 1938-இல் அவரைத் திரும்ப அழைத்தது. மறுத்தால் என்ன ஆகும் என்பதும் உணர்த்தப்பட்டது. சீனரின் போர்த் திட்டங்களை ஜப்பானியருக்குச் சொல்வதில்லை என்று வாக்களித்துவிட்டு அவர் கிளம்பினார். சொந்த கௌரவத்தைக் காத்துக்கொண்டு கட்டளைக்கும் பணிவது என்ற அவருடைய பழக்கம் இங்கேயே தெரிகிறது.

பெல்ஜியம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவருடைய மூத்த உறவினர் லுட்விக் ஃபான் ஃபால்கன்ஹௌசன் 1917 முதல் போர் முடியும்வரை அதே நாட்டில் ஜெர்மன் கவர்னர்-ஜெனரலாக இருந்தவர். அவருக்கு முன்னிருந்தவர் மோரிட்ஸ் ஃபான் பிஸ்ஸிங். 1916 இலையுதிர் காலத்தில் பெல்ஜியத் தொழிலாளர்களை வலுக்கட்டாயமாக ஜெர்மனிக்குக் கொண்டுபோகப் படைத் தலைமை நெருக்கியபோது பிஸ்ஸிங் முதலில் எதிர்த்தார், பிறகு இணங்கினார். ஏறக்குறைய 60,000 பேர் அனுப்பப்பட்டனர். உற்பத்தி பெருகவில்லை, நடுநிலை நாடுகளில் ஜெர்மனியின் பெயர்தான் கெட்டது. சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. 1940-இல் பெல்ஜியத்தை மீண்டும் ஆள வந்த அதிகாரிகளின் மனத்தில் இந்த அனுபவம் இருந்தது. ஒழுங்கு வேண்டும், உற்பத்தி வேண்டும், கூச்சல் கூடாது என்பது அவர்கள் கற்ற பாடம். மக்கள்மீது கருணை வேண்டும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

1940 மே 28-இல் மன்னர் மூன்றாம் லியோபோல்டு சரணடைந்தார். அமைச்சரவை நாட்டைவிட்டு வெளியேறியிருந்தது. பக்கத்து நெதர்லாந்தை ஹிட்லர் ஸைஸ்-இன்குவார்ட்டின் சிவில் ஆட்சியிடம் ஒப்படைத்தார். பெல்ஜியமும் அதனோடு இணைக்கப்பட்ட நோர், பா-தெ-கலே என்ற இரு பிரெஞ்சு மாவட்டங்களும் இராணுவத்தின் பொறுப்பில் விடப்பட்டன. ஃபால்கன்ஹௌசன் தலைவர். அன்றாட நிர்வாகம் எகெர்ட் ரேடரின் கையில். ரைன் பகுதியில் மாவட்ட ஆட்சி நடத்திப் பழகிய ரேடர் கட்சிக்காரர், எஸ்.எஸ். அமைப்பில் கௌரவப் பதவியும் உடையவர். ஜெனரல் பெயருக்குத்தான் இருந்தார், ரேடர்தான் ஆண்டார் என்று சொல்வதுண்டு. இதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆணைகள் வெளிவந்தது ஜெனரலின் பெயரில். மன்னிப்பு வழங்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

ரேடர் வகுத்தது மேற்பார்வை நிர்வாகம். ஜெர்மன் அலுவலர்கள் சிலர். வேலை செய்வதெல்லாம் உள்ளூர் அரசு இயந்திரம். நாடாளுமன்றம் 1940 மே 10-இல் இயற்றிய ஒரு சட்டம், அமைச்சர்களோடு தொடர்பற்றுப்போன நிலையில் துறைகளின் தலைமைச் செயலர்களுக்கு அவசர அதிகாரம் தந்திருந்தது. அந்தச் செயலர்கள் நாற்காலியில் நீடித்தனர். தாங்கள் விலகினால் அந்த இடத்துக்கு ஜெர்மானியரோ ஃபிளெமிஷ் தேசியவாதிகளோ வருவார்கள் என்பது அவர்களின் அச்சம். ஜெனரலின் அச்சமும் ஏறக்குறைய அதுவே: தான் விலகினால் ஹிம்லரின் ஆட்கள் வருவார்கள். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தார்கள். தொழிலதிபர்கள் பக்கத்திலும் இதே தர்க்கம். சொசியெத்தே ஜெனரால் நிறுவனத் தலைவர் அலெக்சாண்டர் கலொபான், உணவுக்கு ஈடாக உற்பத்தி, ஆயுதம் மட்டும் இல்லை என்று ஒரு வரம்பு கட்டினார். எஃகு எங்கே போய் என்னவாகிறது என்று பார்க்க அந்த வரம்புக்குக் கண் கிடையாது. உணவோ கேட்டபடி வரவில்லை. ஒரு நாளைய ரொட்டிப் பங்கீடு 225 கிராம். 1941 மேயில் லியேஜ் பகுதி ஆலைகளில் தொடங்கிப் பரவிய பெரும் வேலைநிறுத்தத்துக்கு ஊதியமும் பசியுமே காரணம். அதை முடிக்க ஊதிய உயர்வும் பயன்பட்டது, கைதுகளும் பயன்பட்டன.

யூதர் விவகாரத்துக்கு வருவோம். என் வாதத்துக்கு இதுவே மையம். 1940 அக்டோபர் 28-இல் ஜெனரலின் பெயரில் வந்த ஆணை, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் நகராட்சியில் பதிவுசெய்ய வேண்டும் என்றது. அரசமைப்புச் சட்டத்துக்கு முரணான ஆணையைச் செயல்படுத்த முடியாது என்று தொடக்கத்தில் தயங்கிய செயலர்கள், பிறகு ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள்: நாம் பிறப்பிக்க மாட்டோம், ஆனால் நிறைவேற்றுவோம். பதிவேடுகளைத் திறந்தவர்கள் நகராட்சி எழுத்தர்கள். 1942 கோடையில் அதே பட்டியல்கள் பயன்பாட்டுக்கு வந்தன. ஆகஸ்ட் 4-இல் மெகெலெனிலிருந்து முதல் ரயில் கிளம்பியது. அக்டோபர் இறுதிக்குள் ஏறக்குறைய 17,000 பேர் அனுப்பப்பட்டுவிட்டனர்.

அந்த ஜூலையில் ரேடர் ஹிம்லரைச் சந்தித்து, பெல்ஜியக் குடியுரிமை உடைய யூதர்களை அப்போதைக்குத் தொடுவதில்லை என்ற ஒப்புதலைப் பெற்றுவந்தார். இராணுவ நிர்வாகத்தின் ஆதரவாளர்கள் இதைப் பெரிய சாதனையாக எடுத்துச் சொல்வார்கள். நாட்டிலிருந்த யூதர்களில் குடியுரிமை உடையவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். கேட்டால் ஹிம்லரிடமும் சலுகை கிடைக்கும் என்பதை அந்தச் சந்திப்பு காட்டிவிட்டது. அப்படியானால் எஞ்சிய தொண்ணூறு சதவீதத்தினருக்காகக் கேட்கப்படவே இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அது இயலாமை அல்ல. பெல்ஜியப் பொதுமக்கள் கொதிக்காமலும் செயலர்கள் விலகாமலும் இருக்க எவ்வளவு தேவையோ, விலக்கு அந்த அளவுக்குக் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது. 1943 செப்டம்பர் 3 இரவில் அந்த விலக்கும் முடிந்தது. குடியுரிமை உடையவர்களும் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டனர். நாடு கடத்தியது பாதுகாப்புப் போலீஸ், இராணுவம் அல்ல என்ற வாதமும் உண்டு. சுற்றிவளைப்புகளில் இராணுவக் காவலர்கள் பங்கெடுத்தார்கள் என்பதோடு அது முடிந்துபோகிறது.

கட்டாய உழைப்பில் கதை வேறு மாதிரி போகிறது. 1916-இன் தவறு மீண்டும் நடக்கக் கூடாது என்று ஃபால்கன்ஹௌசன் உண்மையிலேயே விரும்பினார். ஜெர்மனிக்கு வேலையாள் திரட்டும் பொறுப்பில் இருந்த ஸௌக்கெலின் கோரிக்கைகளோடு மல்லுக்கட்டினார். ஆனால் 1942 அக்டோபர் 6-இல் 18 முதல் 50 வயதுவரையான ஆண்களையும், 21 முதல் 35 வயதுவரையான மணமாகாத பெண்களையும் ஜெர்மனிக்கு அனுப்ப வழிசெய்த ஆணை அவருடைய நிர்வாகத்திலிருந்தே வந்தது. தலைமறைவானவர்களைக் கொண்டு எதிர்ப்பு இயக்கம் பெருத்தது. அவர் அஞ்சியது நடந்தது, நடத்தியவரும் அவரே.

எதிர்ப்பு இயக்கம் ஆட்களைக் கொல்லத் தொடங்கியபோது பிணைக்கைதிகள் முறை வந்தது. ஹேக் உடன்படிக்கையின் 50-ஆம் பிரிவு, தனிமனிதர் செய்ததற்காக மக்கள் கூட்டத்தைத் தண்டிப்பதைத் தடை செய்கிறது. சர்வதேசச் சட்டத்தை மதித்து ஆள்வதாகப் பெருமை பேசிய நிர்வாகம் அது. ஜெர்மன் ஆதரவு மேயர்கள் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக 1942 நவம்பர் 27-இல் எட்டுப் பேர் சுடப்பட்டனர். அதன்பின் அது வழக்கமாயிற்று. அவருடைய ஆளுகையிலேயே இருந்த வடக்குப் பிரான்ஸிலோ 1941 செப்டம்பரிலேயே பிணைக்கைதிகள் சுடப்பட்டிருந்தார்கள். அவருடைய மிதவாதத்தைப் புகழ்பவர்கள் பழைய எல்லைக்கோட்டுக்கு இப்பால் நின்றுகொள்கிறார்கள்.

வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் பாரிஸில் இருக்கிறது. அங்கே இராணுவத் தளபதியாக இருந்த ஓட்டோ ஃபான் ஸ்டூல்ப்நாகல், பிணைக்கைதிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் உத்தரவுகளுக்கு இனியும் பொறுப்பேற்க இயலாது என்று 1942 பிப்ரவரியில் பதவி விலகினார். அவரும் தூயவர் அல்லர். பல கொலைகளுக்குக் கையெழுத்திட்ட பின்னரே விலகினார். ஆனால் விலகினார், யாரும் அவரைச் சுடவில்லை.

சியென் ஷியுலிங் என்ற பெண்ணின் கதை இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. பெல்ஜியத்தில் வேதியியல் படித்து, பெல்ஜிய மருத்துவரை மணந்து, ஆர்டென் பகுதிக் கிராமமொன்றில் வாழ்ந்தவர் அவர். சீனப் படையில் ஜெனரலாக இருந்த அவருடைய உறவினரை ஃபால்கன்ஹௌசனுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஜெனரலிடம் போய் உயிர்ப்பிச்சை கேட்டார். 1944 ஜூனில் எகோசின் ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட ஏறக்குறைய நூறு பேருக்காகவும் அவர் மன்றாடியது பலித்தது. சீனாவில் இதைத் தொலைக்காட்சித் தொடராகவே எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் துணிவில் எனக்கு ஐயமில்லை. ஜெனரலின் இரக்கமும் நடிப்பு அல்ல. ஆனால் அந்த இரக்கம் எட்ட என்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள்: சீனத்தில் ஓர் உறவினர், பழைய நட்பு, சந்திப்புக்கு அனுமதி. மனுவுக்கு வழி இருந்தவனுக்கு மன்னிப்பு இருந்தது. ஆண்ட்வெர்ப்பின் போலந்து யூதத் தையல்காரனுக்கு அந்த வாசல் எந்தத் தெருவில் என்றே தெரியாது.

பெர்லினுக்கு இந்த அளவு நெகிழ்வும் பொறுக்கவில்லை. 1944 ஜூலையில் அவர் நீக்கப்பட்டார். கொலோன் வட்டாரக் கட்சித் தலைவர் யோசெஃப் குரோஹே சிவில் ஆணையரானார். எந்த ஆட்சி வரக் கூடாது என்று நான்காண்டு விட்டுக்கொடுத்தாரோ அது வந்தேவிட்டது. அதுவும் ஏழு வாரத்துக்குத்தான். செப்டம்பர் 3-இல் பிரசெல்ஸ் விடுதலையடைந்தது. ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்த கோர்டெலர், விட்ஸ்லேபன் போன்றவர்களோடு இருந்த தொடர்புக்காக, ஹிட்லரைக் கொல்ல ஜூலை 20-இல் வைத்த குண்டு வெடித்ததற்குப் பின் கைதாகி அவர் டாக்கவ் முகாம்வரை போனார். போரின் கடைசி நாள்களில் லியோன் புளூம் உள்ளிட்ட பிரபலக் கைதிகளோடு, பேரம் பேச உதவும் பிணையாக எஸ்.எஸ். அவரையும் தெற்குத் தைரோலுக்குக் கொண்டுசென்றது. இந்தச் சிறைவாசம் அவருக்குப் பிற்காலத்தில் நற்சான்றாகப் பயன்பட்டது. 1942-இல் கையெழுத்தானவற்றை அது எப்படி மாற்றும் என்பது எனக்கு விளங்கியதில்லை.

1951-இன் நீதிமன்றத்தால் ஒரு மனிதரைத்தான் விசாரிக்க முடிந்தது. அந்த மனிதரின் ஆட்சி எவருடைய கைகளால் நடந்தது என்பதை விசாரித்தால், எழுத்தர்களும் காவலர்களும் செயலர்களும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். பெல்ஜிய செனட் சபையின் வேண்டுகோளின்படி, ரூடி வான் டோர்ஸ்லாரின் தலைமையில் வரலாற்றாசிரியர்கள் தயாரித்து 2007-இல் வெளியான அறிக்கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. யூதர் துன்புறுத்தலில் பெல்ஜிய அதிகாரிகள் காட்டிய பணிவே அதன் பொருள். பிரசெல்ஸ் வட்டார மேயர்கள் 1942 ஜூனில் மஞ்சள் நட்சத்திரத்தை விநியோகிக்க மறுத்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப்பின் உள்ளூர்ப் போலீசார் இரவோடிரவாக யூதர்களைப் பிடித்ததும் அதில் அருகருகே நிற்கின்றன. இரு நகரங்களுக்கும் ஜெனரல் ஒருவரே. பிரசெல்ஸில் யூதர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் பிடிபட்டார்கள். ஆண்ட்வெர்ப்பில் மூன்றில் இருவர். இந்த வேறுபாட்டுக்கு ஜெனரலின் குணநலன் விளக்கம் தராது. மேற்பார்வை ஆட்சியில் கீழே மறுத்த இடத்தில் மேலே கை குறுகியது, இணங்கிய இடத்தில் நீண்டது. ஃபால்கன்ஹௌசனை எழுதப் போகிறவர் அவருடைய கடிதங்களை எடுத்துவைப்பதற்கு முன் ஆண்ட்வெர்ப் நகராட்சியின் கோப்புகளைப் பார்க்க வேண்டும்.