துண்டுச் சீட்டும் ஐந்து டாலரும்

நல்ல வேலைக்காரரை முதலாளிகள் மதிக்கிறார்களா? நண்பர்களிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "நீ போனா இன்னொருத்தன், அவ்ளோதான்." மற்றது, "பேப்பர் போட்டுப் பாரு, அப்பத்தான் உன் மதிப்பு தெரியும்." பழைய கதைகளைப் படிக்கப் படிக்க, இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருபவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஆள் போவதால் ஆகும் செலவு எவ்வளவு, அதை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கு அது.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில், ஃபோர்டு தொழிற்சாலைக்கு 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் கோர்க்கும் வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டு நிற்க யாருக்குப் பிடிக்கும்? சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்த இடத்தை நிரப்பி வைக்க, அந்த ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது.

1914 ஜனவரி 5 அன்று நாளுக்கு ஐந்து டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. அதுவரை இருந்த கூலிக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டானது. வாசலில் கூடிய கூட்டத்தை, உறையும் குளிரில், தண்ணீர் பீய்ச்சி விரட்டும் அளவுக்குப் போனது நிலைமை. ஆட்கள் விட்டுப்போவது வெகுவாகக் குறைந்தது. இது தானதர்மம் இல்லை, செலவைக் குறைத்த வழி என்று ஹென்றி ஃபோர்டே பின்னால் எழுதினார். அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி 'லாபப் பங்கு'. அதைப் பெற ஒழுக்கமாக வாழ வேண்டும். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமா என்று பார்க்க ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

அதே காலத்தில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் ஆட்களைத் தக்கவைப்பதுதான் பெரிய கவலை. கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்துப் போனார்கள். முன்பணம், வழிச்செலவு, அரிசி என்று எல்லாமே கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அடைத்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் தோட்டம் அதை அடைத்தால், கடன் புது இடத்தில் மறுபடி அதே ஆளின் கணக்கில் ஏறும். சொல்லாமல் ஓடினால் சட்டப்படி குற்றம், சிறைகூட உண்டு. 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

தோட்டத்துரைகள் ஆட்களை மதிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆள் பிடிக்க ஒருவரோடொருவர் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டியில் ஏறியது கூலி அல்ல, கடன். டெட்ராய்ட்டில் ஏன் கூலி ஏறியது? அங்கே ஒருவன் காலையில் வேலையை உதறிவிட்டு மாலையில் வேறொரு வாசலில் நிற்க முடிந்தது. முதலாளியின் மனசு இளகியதாக எனக்குத் தெரியவில்லை. 1930களின் மந்தத்தில் வெளியே வேலையே இல்லாமல் போனபோது, அதே ஃபோர்டு கூலியைக் குறைத்தது. அங்கே தொழிற்சங்க ஒப்பந்தம் வர 1941 ஆனது.

இன்று நம்மில் பலர் ரிலீவிங் லெட்டருக்காகக் காத்திருக்கிறோம், பாண்டில் கையெழுத்துப் போடுகிறோம். சிலர் ஒரிஜினல் சான்றிதழ்களையே கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்கிறார்கள். இதைத் துண்டுமுறையோடு சமமாக வைக்க மாட்டேன். இங்கே சிறை இல்லை, தலைமுறைக் கடன் இல்லை. ஆனால் அந்தத் தாள்கள் செய்யும் வேலை ஒன்றுதான்: போவதன் செலவை முதலாளியிடமிருந்து எடுத்து, போகிறவர் மேல் வைக்கின்றன. அதனால், "எங்க கம்பெனில யாருமே விட்டுப் போறதில்ல" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: போகணும்னா என்ன கட்டணும்?